யாரும் இழுக்கவில்லை, ஆனாலும் ஒட்டுகிறது: கொலாய்ட், பாலிமர், ஒரு கண்ணாடிச் சுவர்

இன்றைக்குக் கதையைப் புளியங்கொட்டையில் இருந்து தொடங்கலாம்.

ரப்பர் மரத்தைக் கீறினால் ஒரு பால் வடியும். கன்னியாகுமரி பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அந்தப் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ரப்பர் அதில் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைகளாக மிதக்கிறது. தண்ணீரைக் குறைத்து பாலைக் கெட்டியாக்க ஒரு பழைய வழி இருக்கிறது. புளியங்கொட்டை மாவைக் கரைத்து அதில் கலந்து அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். சில நாட்களில் ரப்பர் உருண்டைகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து ஏடு மாதிரி மேலே வந்துவிடும். கீழே ரப்பர் குறைந்த நீர் நிற்கும். தொழிலில் இதற்குப் பெயரே கிரீமிங். கவனிங்க, பால் திரிந்துபோகவில்லை. மேலே இருப்பது இன்னும் பால்தான், கெட்டியான பால்.

மாவு ஒரு பசை, அது உருண்டைகளை ஒட்டவைக்கிறது என்று நினைப்பதுதான் இயல்பு. பசையே இல்லாமல், எதுவும் எதையும் இழுக்காமல்கூட, உருண்டைகள் இப்படி ஒன்றுசேர முடியும் என்று ஒருவர் சொன்னால்? அது மட்டுமா, அதே காரணத்தால் அவை பாத்திரத்தின் சுவரைத் தேடிப்போய்ப் படியும் என்றும் சொன்னால்? அதைக் கண்டுபிடிக்க ஆன காலமும், கண்டுபிடித்த பிறகு யாரும் கண்டுகொள்ளாமல் போன காலமும்தான் இன்றைய எபிசோட்.

1925-ல் இசிடோர் ட்ராவ்பெ என்ற ஜெர்மன் வேதியியலாளர், தாவரங்களிலிருந்தும் கடல்பாசியிலிருந்தும் எடுத்த பாலிசாக்கரைடுகளைச் சேர்த்தால் ரப்பர் பால் கெட்டிப் பகுதி, நீர்த்த பகுதி என்று இரண்டாகப் பிரிகிறது என்று காட்டினார். புளியங்கொட்டை மாவில் இருப்பதும் அந்தக் குடும்பம்தான். ட்ராவ்பெ யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் நாட்டை விட்டுப் போய், 1943-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இறந்தார். இந்த ஊர்ப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, திரும்ப வரும்.

இரண்டு சொற்களை மட்டும் முடித்துவிடுகிறேன். கொலாய்ட் என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கூழ்மம் என்று படித்தோமே, அதுதான். ஒரு திரவத்தில் கரையாமல், அடியில் தங்காமல் மிதக்கும் நுண்துகள்கள். பால், பெயின்ட், ரத்தம் எல்லாமே இந்த வகை. பாலிமர் என்றால் நீண்ட சங்கிலி மூலக்கூறு. திரவத்தில் அது நீட்டி நிமிர்ந்து நிற்காது, நூல் சிக்கல் மாதிரி சுருண்டு பந்தாகக் கிடக்கும். இன்றைய கதைக்கு அந்தப் பந்து கொலாய்டை விடச் சிறியது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது 1954, ஜப்பான், நகோயா பல்கலைக்கழகம். ஷோ அசாகுரா, ஃபுமியோ ஓசாவா என்று இரண்டு பேர். 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் ஃபிசிக்ஸ்' இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதுகிறார்கள். இரண்டே பக்கம். பெரிய மூலக்கூறுகள் கரைந்திருக்கும் ஒரு திரவத்தில் இரண்டு பொருட்களை வைத்தால் அவற்றுக்கு இடையே என்ன விசை வரும் என்பது கேள்வி. அவர்கள் எடுத்துக்கொண்ட எளிமையான உதாரணம் எதிரெதிராக நிற்கும் இரண்டு தட்டையான தகடுகள். அதாவது, இரண்டு சுவர்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போகலாம். சாப்பாடு முடிந்துவிட்டது. ஹால் நடுவே பஃபேக்கு வைக்கிற வட்ட மேசைகள், எல்லாவற்றுக்கும் காலில் சக்கரம். நூறு பிள்ளைகள் கண்டபடி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் மேசை மேல் அன்பும் கிடையாது, கோபமும் கிடையாது. ஓடுகிற வேகத்தில் எல்லாப் பக்கத்திலிருந்தும் இடிப்பார்கள், அவ்வளவுதான். மேசை நடுவில் தனியாக இருக்கும்வரை இடிகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். எதேச்சையாக இரண்டு மேசைகள் நெருங்கி, நடுவில் ஒரு பிள்ளை நுழைய முடியாத அளவுக்கு இடைவெளி குறைந்துவிட்டது என்று வையுங்க. இனி உள்பக்கத்திலிருந்து இடிக்க ஆள் இல்லை, வெளிப்பக்கத்திலிருந்து மட்டும்தான் இடி விழும். மேசைகள் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவருக்கு மேசைக்கும் மேசைக்கும் ஈர்ப்பு இருப்பது போலத் தெரியும்.

இதையே இன்னொரு பக்கமிருந்தும் சொல்லலாம். ஒவ்வொரு மேசையைச் சுற்றியும் ஒரு பிள்ளையின் நடுப்புள்ளி வர முடியாத ஒரு வளையம் இருக்கிறது, பிள்ளையின் பாதி அகலத்துக்கு. இரண்டு மேசைகள் ஒட்டினால் இரண்டு வளையங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழும். விழுந்த அளவுக்குப் பிள்ளைகளுக்கு ஓட இடம் கூடும். இடம் கூடினால் நிற்கக்கூடிய விதங்கள் கூடும். இயற்பியலில் அதற்குப் பெயர் என்ட்ரோபி. மேசை கொலாய்ட், பிள்ளை பாலிமர். கதை முடிந்தது.

முடியவில்லை, சுவர் இருக்கிறது. வட்ட மேசை இன்னொரு வட்ட மேசையைத் தொட்டால் இரண்டுமே தொட்ட இடத்திலிருந்து வளைந்து விலகிவிடுகின்றன. வளையங்கள் கொஞ்சம்தான் ஒன்றின் மேல் ஒன்று விழும். மேசையைச் சுவரோடு ஒட்டினால்? சுவர் வளையாது. அதனால் மிச்சமாகும் இடம் அதிகம். பாலிமர் பந்து கொலாய்டை விட மிகச் சிறியது என்றால் கணக்கு அழகாக வரும்: கொலாய்டுக்கும் கொலாய்டுக்கும் இடையிலான விசையைப் போல இரண்டு மடங்கு, கொலாய்டுக்கும் சுவருக்கும் இடையில். கண்ணாடிக்கு ஒரு விசேஷமும் இல்லை. அது தட்டையாக இருக்கிறது, அதுவே போதும்.

இதுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம். சுவர் கொலாய்டை ஈர்க்கும் என்பது 1954-ன் அந்த இரண்டு பக்கத்துக்குள்ளேயே இருக்கிறது, உதாரணமாக எடுத்துக்கொண்டதே தகடுதானே. ஆனால் அதை யாராவது ஒரு சுவரில் பார்க்கப் பல வருடம் ஆனது.

முதல் இருபத்திரண்டு வருடம் கிட்டத்தட்ட மௌனம். 1958-ல் அவர்கள் இருவரும் இன்னொரு, பெரிய கட்டுரை எழுதினார்கள். அதற்கும் பெரிதாகச் சத்தம் இல்லை. ஓசாவா புரதங்கள் பக்கம் போய்விட்டார். 1976-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் அகீனஸ் வ்ரெய் என்பவர் அதே முடிவுக்குத் தனியாக வந்து சேர்ந்தார். அவர் செய்த ஒரு எளிமை பின்னால் பெரிய உதவியானது. பாலிமர் பந்துகள் ஒன்றுக்குள் ஒன்று பேய் மாதிரி நுழைந்துபோகலாம், கொலாய்டுக்குள் மட்டும் நுழையக் கூடாது என்று வைத்துக்கொண்டார். இன்றைக்கு அதை அசாகுரா-ஓசாவா-வ்ரெய் மாடல் என்றே சொல்கிறார்கள்.

ஜப்பானில் எழுதப்பட்டதால்தான் யாரும் கவனிக்கவில்லை என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது முழுக் காரணமாகத் தெரியவில்லை. அது வெளிவந்தது அமெரிக்க இதழில், ஆங்கிலத்தில், அந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் புரட்டும் இதழில். என் கணிப்பு வேறு. 1954-ல் இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த பொருள் யாரிடமும் இல்லை. அன்றைக்கு ஆய்வகங்களில் இருந்த கொலாய்ட்களில் மின்னூட்டம், வான்டர்வால்ஸ் ஈர்ப்பு என்று ஏகப்பட்ட இரைச்சல். அந்த இரைச்சலில் இவ்வளவு மெல்லிய ஒரு விசையைப் பிரித்துக் கேட்க முடியாது. நம்ம பாஷையில சொன்னா, கோடு எழுதியாச்சு, ஓட்டிப் பார்க்க மெஷின் வரல.

மெஷின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்தது. பெயின்டில் நிறமித் துகள்கள் திரளாமல் இருக்க வேண்டும் என்ற தொழில் தேவையும் இதில் உண்டு. பிரிஸ்டலில் பிரையன் வின்சென்ட் போன்றவர்கள், ஒட்டாத பாலிமரைச் சேர்த்தாலும் துகள்கள் ஏன் திரள்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தார்கள். வ்ரெய்யின் ஆய்வகத்தில் சிலிகா உருண்டைகளுக்கு மேல் குட்டையான கார்பன் சங்கிலிகளைப் புல் மாதிரி நட்டு, அவை ஒன்றையொன்று ஈர்க்காமல் செய்தார்கள். இன்னொரு பக்கம், பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் உருண்டைகள். கேரம் போர்டுக் காய்கள் மாதிரி, தொட்டால் மட்டும் தெரியும், தூரத்தில் இருந்தால் ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்ட உருண்டைகள்தான் தேவைப்பட்டன.

1992-ல் உட்ரெக்டின் ஹென்க் லெக்கர்கெர்க்கரும் எடின்பரோவின் வில்சன் பூன், பீட்டர் பியூசி ஆகியோரும் மற்ற இரண்டு பேரும் சேர்ந்து, இந்தக் கலவை எப்போது எப்படிப் பிரியும் என்று ஒரு வரைபடம் கணக்கிட்டார்கள். 1995-ல் எடின்பரோவில் அது சோதனையாகவும் வந்தது. ஆமாம், ட்ராவ்பெ அடைக்கலம் போன அதே ஊர். வெறும் தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரல.

அந்த வரைபடம் சொன்னது இது. பாலிமர் பந்து கொலாய்டை ஒப்பிடும்போது ரொம்பச் சின்னது என்றால் கலவை நேராகப் படிகமாகிவிடும். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அளவைத் தாண்டினால் வேறு ஒன்று நடக்கிறது. கொலாய்ட் நெருக்கமான ஒரு பகுதி, கொலாய்ட் அரிதான ஒரு பகுதி, இரண்டுக்கும் நடுவே ஒரு தெளிவான கோடு. தண்ணீரும் நீராவியும் ஒரே பாத்திரத்தில் இருப்பது போல. நெருக்கமான பகுதியை 'திரவம்' என்றும் அரிதானதை 'ஆவி' என்றும் சொல்கிறார்கள். எல்லாமே ஒரு கரைப்பானுக்குள்தான் நடக்கிறது என்பதை மறக்க வேண்டாம். திரவமும் ஆவியும் வந்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: இந்தத் திரவம் சுவரை நனைக்குமா?

நனைதல் என்பதற்குத் தனியாக ஒரு நீண்ட வரலாறு உண்டு. தாமரை இலையில் தண்ணீர் பட்டும் படாமல் உருள்கிறது, சுத்தமான கண்ணாடியில் பரவிவிடுகிறது. 1805-ல் லண்டனில் தாமஸ் யங் இதற்கு ஒரு விதி சொன்னார். திரவம், ஆவி, சுவர் மூன்றும் சந்திக்கும் இடத்தில் மூன்று பரப்பு இழுவிசைகள் ஒன்றையொன்று சமன் செய்கின்றன, அதுதான் சேர்கோணத்தைத் தீர்மானிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், யங்கின் சமன்பாடு என்று நாம் படிக்கும் அந்தச் சமன்பாட்டை யங் சமன்பாடாக எழுதவே இல்லை, எல்லாம் வாக்கியத்தில்தான். கோணம் பூஜ்யம் ஆனால் முழு நனைப்பு, திரவம் சுவர் முழுவதும் ஒரு படலமாகப் பரவும். அதற்கு மேல் இருந்தால் பகுதி நனைப்பு, துளியாக நிற்கும்.

அதற்குப் பிறகு 170 வருடம், நனையும் பொருள் நனையும், நனையாதது நனையாது என்றுதான் பொதுவாக நினைத்திருந்தார்கள். 1977-ல் அமெரிக்காவில் ஜான் கான் ஒரு எளிய வாதத்தோடு வந்தார். திரவமும் ஆவியும் ஒன்றாகிவிடும் ஒரு புள்ளி உண்டு, மாறுநிலைப் புள்ளி. அதை நெருங்க நெருங்க இரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோட்டின் செலவு, அதாவது பரப்பு இழுவிசை, பூஜ்யத்தை நோக்கிப் போகும். சுவருக்குத் திரவம் மேல் இருக்கும் விருப்பமும் குறையும், ஆனால் மெதுவாகக் குறையும். செலவு சீக்கிரம் குறைந்து விருப்பம் தாமதமாகக் குறைந்தால், ஏதோ ஒரு இடத்தில் விருப்பம் செலவை மிஞ்சிவிடும். அந்த இடத்தில் துளி படலமாக மாறியே ஆக வேண்டும். பகுதி நனைப்பிலிருந்து முழு நனைப்புக்கு ஒரு நிலைமாற்றம்! அதே வருடம் எப்னர், சாம் என்ற இருவர் திண்ம கார்பன் டை ஆக்சைடு மேல் ஆர்கானை வைத்துக் கணக்குப் போட்டு, தனியாக இதே மாதிரி மாற்றத்தைக் கண்டார்கள். 1980-ல் மோல்டோவரும் கானும் மெத்தனால், சைக்ளோஹெக்சேன் கலவையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து அதைச் சோதனையிலும் காட்டினார்கள்.

ஆக, இரண்டு வரலாறு. ஒன்று நகோயாவிலிருந்து, ஒன்று லண்டனிலிருந்து. இரண்டும் சந்தித்தது 2000-ஐ ஒட்டிய இரண்டு மூன்று வருடங்களில்.

பிரிஸ்டலில் ராபர்ட் எவன்ஸ், ஜோசப் பிரேடர், அவர்களோடு ஜெர்மனியிலிருந்து மத்தியாஸ் ஷ்மிட், ஹார்ட்முட் லோவன் ஆகியோர் 2002-ல் ஒரு கோட்பாட்டுக் கணக்கு வெளியிட்டார்கள். சுவர் வெறும் கடினமான சுவர். அதற்கு எந்த விருப்பமும் கிடையாது. சாதாரண நனைதலில் சுவரின் அணுக்களுக்கும் திரவத்தின் அணுக்களுக்கும் இடையே ஈர்ப்பு இருக்கும். இங்கே அது பூஜ்யம். இருந்தும் கொலாய்ட் நெருக்கமான திரவம் அந்தச் சுவரை முழுவதும் நனைக்கும் என்று கணக்கு சொன்னது. அவர்கள் வைத்த பெயர் 'என்ட்ரோபி நனைப்பு'. மண்டபத்து மேசைகள் சுவரோரம் போய் நிற்பதும் இதுவும் ஒன்றுதான். இன்னொன்றும் சொன்னார்கள். மாறுநிலைப் புள்ளியிலிருந்து தள்ளி இருக்கும்போது முழு நனைப்பு இல்லை. அந்தப் பகுதியில் கொலாய்ட் சுவரில் மொத்தமாகப் பரவாமல், ஒரு அடுக்கு, அப்புறம் இன்னொரு அடுக்கு என்று தாவித் தாவிப் படியும்.

அதே வருடம் உட்ரெக்டில் மார்யோலைன் டைக்ஸ்ட்ராவும் ரெனே வான் ரோயும் இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். சாஃப்ட்வேர் ஆள் என்பதால் இதில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். ஒரு கொலாய்டுக்குப் பல மடங்கு எண்ணிக்கையில் பாலிமர்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் நகர்த்தினால் புரோகிராம் முடியவே முடியாது. இங்கேதான் வ்ரெய்யின் பேய்கள் கை கொடுத்தன. பாலிமர்கள் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை என்பதால் அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கத் தேவையில்லை. கொலாய்ட்கள் நிற்கும் நிலையில் பாலிமருக்கு மொத்தம் எவ்வளவு காலி இடம் என்ற ஒரே எண் போதும். ஒவ்வொரு நகர்வுக்கும் அந்தக் காலி இடத்தைக் கணக்கிட்டார்கள். தோராயமே இல்லாமல், பாலிமர்கள் மெமரியிலிருந்து மறைந்துவிட்டன. அடுக்குத் தாவல்கள் வந்தன, முழு நனைப்பும் வந்தது. இருபத்தாறு வருடம் முன்னால் காகிதத்தில் கணக்குப் போடுவதற்காகச் செய்த ஒரு எளிமை, கணினிக்கு இவ்வளவு தோதாக அமைந்தது.

சரி, நிஜச் சுவர்? 2003-ல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் இந்தக் கலவையில் பகுதி நனைப்பிலிருந்து முழு நனைப்புக்கு மாறுவதைச் சோதனையில் பதிவு செய்தார்கள். கான் சொன்ன அதே மாற்றம், ஆனால் அணுக்களுக்குப் பதில் கொலாய்ட். அதே சமயம் உட்ரெக்டில் டிர்க் ஆர்ட்ஸ், லெக்கர்கெர்க்கர் குழு ஒரு கண்ணாடிச் சுவர் ஓரமாக நுண்ணோக்கியை வைத்துப் பார்த்தது.

இங்கே அளவுகள்தான் விஷயம். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். 1999-ல் உட்ரெக்டில் டி ஹூக்கும் லெக்கர்கெர்க்கரும் ஒரு குழாயைச் சுழற்றி, அதனுள் துளி எவ்வளவு நீள்கிறது என்று பார்த்து, இந்தக் கலவையின் இழுவிசையை அளந்தார்கள். சில மைக்ரோநியூட்டன்தான் வந்தது. மாறுநிலைப் புள்ளிக்குப் பக்கத்தில் அது நானோநியூட்டன் கணக்குக்கே இறங்கிவிடும், தண்ணீரை விட பத்து லட்சம் மடங்கு குறைவு. காரணம் சுலபம். பரப்பு இழுவிசை என்பது சதுரப் பரப்புக்கு இவ்வளவு ஆற்றல். ஆற்றல் அணுவுக்கும் கொலாய்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பரப்பு மட்டும் கொலாய்டுக்கு லட்சக்கணக்கான மடங்கு பெரியது. வகுத்துப் பாருங்க.

அதன் பலன் இது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஓரத்தில் மில்லிமீட்டர் கணக்கில் ஏறி நிற்கும். இந்தக் கலவையில் அந்த ஏற்றம் மைக்ரோமீட்டர் கணக்கில் சுருங்கிவிடுகிறது. நுண்ணோக்கியின் ஒரே படத்துக்குள் முழு வளைவும் அடங்கிவிடும். அந்த வளைவு முழு நனைப்புக்கான வளைவோடு பொருந்தியது: கொலாய்ட் நெருக்கமான திரவம் சுவரில் சேர்கோணம் பூஜ்யமாக ஏறியிருந்தது. கூடவே, வளைவின் வடிவத்திலிருந்து இழுவிசையையும் படித்துக்கொள்ள முடிந்தது.

2004-ல் ஆர்ட்ஸ், ஷ்மிட், லெக்கர்கெர்க்கர் மூவரும் 'சயன்ஸ்' இதழில் எழுதியதுதான் இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களையும் எட்டியது. ஒளிரும் சாயம் ஏற்றிய பி.எம்.எம்.ஏ. உருண்டைகள், பாலிஸ்டைரீன் சங்கிலிகள், டெகலின் என்ற கரைப்பான். நுண்ணோக்கியைப் படுக்கப்போட்டு, திரவத்துக்கும் ஆவிக்கும் நடுவிலிருக்கும் கோட்டைப் பக்கவாட்டில் பார்த்தார்கள். கோடு அசைந்துகொண்டே இருந்தது, காற்றடிக்கும் குளம் மாதிரி. காற்று ஏது? வெறும் வெப்ப அசைவுதான். எந்தத் திரவப் பரப்பும் வெப்பத்தால் இப்படி அலைந்துகொண்டே இருக்கும் என்று ஸ்மோலுசௌஸ்கி 1908-லேயே சொல்லியிருந்தார். தண்ணீரில் அந்த அலையின் உயரம் ஒரு நானோமீட்டரை விடக் குறைவு, நேரில் பார்க்க வழியே இல்லை. இங்கே அது அரை மைக்ரோமீட்டர் அளவுக்கு வளர்ந்து, நொடிக்கணக்கில் மெதுவாக நகர்ந்தது. ஒரு அலையைக் கண்ணால் பின்தொடரலாம்.

சுவரில் படியும் படலத்துக்கும் இந்த அலைகள் முக்கியம். படலத்தின் ஒரு பக்கம் அசையாத கண்ணாடி, மறுபக்கம் இப்படி ஆடும் கோடு. கோடு சுவரை நெருங்கினால் அலைகளுக்கு ஆட இடம் போதாது. அதனால் அது சுவரிலிருந்து தள்ளப்படுகிறது, படலம் தடிக்கிறது. 2008-ல் ஹென்னெக்கின், ஆர்ட்ஸ், இன்டெக்யூ, லெக்கர்கெர்க்கர், பான் ஆகியோர் இந்தக் கலவையின் நனைப்புப் படலங்களில் இந்த அலை விசையைத்தான் ஆராய்ந்தார்கள். கவனித்தீர்களா, இதுவும் இடத்துக்கான சண்டைதான். கொலாய்டைச் சுவரில் ஒட்டவைத்தது பாலிமருக்கு வேண்டிய இடம். கோட்டைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தது அலைக்கு வேண்டிய இடம்.

ஓசாவாவை எழுபது வருடத்துக்கு முன்னால் நகோயாவில் விட்டுவிட்டு வந்தோம். அவர் தசையில் இருக்கும் ஆக்டின் என்ற புரதம் எப்படி இழையாகக் கோத்துக்கொள்கிறது என்பதை ஆராய்ந்து, உயிரியற்பியலில் அதற்காகவே பெரிய பெயர் எடுத்தார். அசாகுராவும் பாக்டீரியாவின் வால் புரதம் பக்கம் போனார். ஓசாவா 2019-ல், 96 வயதில் இறந்தார். அந்த இரண்டு பக்கக் குறிப்பு உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுவதையும், அவருடைய தகடுகளின் இடத்தில் ஒரு நிஜக் கண்ணாடிச் சுவர் வந்து நின்றதையும் பார்க்கும் அளவுக்கு ஆயுசு இருந்தது.

அடுத்த எபிசோடில் பெயின்ட். சுவரில் அடித்த பெயின்ட் காயும்போது உள்ளே இருக்கும் உருண்டைகளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். கேள்விகள் இருந்தா அனுப்புங்க.